ஒரே குழாய், இரண்டு வழி: கீழ்ப் பேண்டு லூப் ஆண்டெனாவில் எந்த இழப்பை முதலில் குறைப்பது?

கையில் 22 மில்லிமீட்டர் செம்புக் குழாய் ஆறே கால் மீட்டர் இருக்கிறது. 80 மீட்டர் பேண்டுக்கு (3.6 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நீளக் கம்பி கட்ட இடமில்லை, அதனால் லூப், அதாவது இரு முனைகளுக்கும் நடுவே கெபாசிட்டர் வைத்து ட்யூன் செய்யும் சிறிய வளைய ஆண்டெனா, கட்டலாம் என்று முடிவாகிவிட்டது. இப்போது அந்தக் குழாயை 2 மீட்டர் விட்டத்தில் ஒரே வட்டமாக வளைப்பதா, 1 மீட்டர் விட்டத்தில் இரண்டு சுற்றாகச் சுற்றுவதா? இந்த இடத்தில் தடுமாறி நிற்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் நிறையப் பேர். செம்பு கனமாக இருக்கிறது, அலுமினியம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். மூலையில் தடித்த கோஆக்ஸ் (பின்னல் உறையுள்ள ஆண்டெனாக் கேபிள்) சும்மா கிடக்கிறதே என்கிறார்கள் வேறு சிலர். நல்ல கம்பி ஒன்று போதும், தடை அப்படி என்ன பெரிதாகிவிடும் என்பவர்களும் உண்டு.

எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. கீழ்ப் பேண்டுகளில் சிறிய லூப்பின் தலையெழுத்தை மில்லி ஓம்கள்தான் எழுதுகின்றன. அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்துவிட்டால், எதற்கு உழைப்பது, எதை விட்டுவிடுவது என்பதும் தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

லூப்பில் ஓடும் மின்னோட்டம் இரண்டு தடைகளைச் சந்திக்கிறது. ஒன்று கதிர்வீச்சுத் தடை. அதில் செலவாகும் வாட்தான் ரேடியோ அலையாக வெளியே போகிறது. மற்றது இழப்புத் தடை. குழாய், இணைப்பு, கெபாசிட்டர், சுற்றியுள்ள பொருட்கள் எல்லாம் சேர்ந்து மின்சாரத்தை வெப்பமாக்கும் பங்கு அது. கொடுக்கும் வாட் இந்த இரண்டுக்கும் அவற்றின் விகிதத்தில் பிரிகிறது. திறன் என்றால் அவ்வளவுதான்.

சிக்கல் கதிர்வீச்சுத் தடையின் அளவில் இருக்கிறது. வட்ட லூப்பின் சுற்றளவை அலைநீளத்தால் வகுத்து, அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 197-ஆல் பெருக்கினால் அது ஓம் கணக்கில் கிடைக்கும். 1 மீட்டர் விட்டமுள்ள லூப்புக்கு 14.2 மெகாஹெர்ட்ஸில் (20 மீட்டர் பேண்டு) இது ஏறத்தாழ 96 மில்லி ஓம். 7.1-ல் (40 மீட்டர் பேண்டு) 6 மில்லி ஓம். 3.6-ல் வெறும் 0.4. அதனால்தான் 20 மீட்டரில் நன்றாகப் பேசிய லூப் 80 மீட்டரில் ஊமையாகிவிடுகிறது.

இழப்பின் பக்கம் பார்த்தால், உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் தோலில் மட்டுமே ஓடுகிறது. செம்பில் அந்தத் தோலின் ஆழம் 3.6 மெகாஹெர்ட்ஸில் 0.035 மில்லிமீட்டர், 7.1-ல் 0.025. குழாயின் சுவர் 1 மில்லிமீட்டரா 2 மில்லிமீட்டரா என்பது உறுதிக்குத்தான் உதவும். கணக்கில் வருவது வெளிவிட்டம். மல்டிமீட்டரை நம்பவும் கூடாது. 22 மில்லிமீட்டர் குழாயால் ஆன 1 மீட்டர் லூப்பின் நேர்மின்னோட்டத் தடை 1 மில்லி ஓம்கூட இருக்காது. அதே லூப் 3.6 மெகாஹெர்ட்ஸில் 22.5 மில்லி ஓம் காட்டும்.

ஆக, ஒவ்வொரு தெரிவையும் நான் பார்ப்பது இப்படி. 100 வாட் கொடுத்தால் எத்தனை வாட் கதிர்வீச்சாகிறது என்பது முதல் அளவு. கெபாசிட்டரின் மேல் எத்தனை கிலோவோல்ட் ஏறுகிறது என்பது இரண்டாவது. ஒரு முறை ட்யூன் செய்தால் எத்தனை கிலோஹெர்ட்ஸ் தாங்கும், மழையிலும் காற்றிலும் எத்தனை வருடம் நிற்கும் என்பவை அடுத்தவை. பொருளின் விலையை நான் முன்னால் வைப்பதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க, கெபாசிட்டரும் இணைப்புகளும் சேர்ந்து 10 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டிருக்கிறேன். அது நல்ல கெபாசிட்டர், கவனமாகப் பற்றவைத்த இணைப்பு இரண்டும் இருந்தால்தான் கிடைக்கும்.

| அமைப்பு | 3.6-ல் கதிர்வீச்சுத் தடை (மில்லி ஓம்) | 3.6-ல் இழப்புத் தடை (மில்லி ஓம்) | 3.6-ல் 100 வாட்டுக்குக் கதிர்வீச்சு | 7.1-ல் 100 வாட்டுக்குக் கதிர்வீச்சு |
|---|---|---|---|---|
| 2 மி.மீ. செம்புக் கம்பி, 1 மீ. விட்டம் | 0.4 | 257 | 0.15 வாட் | 1.7 வாட் |
| 8 மி.மீ. வழவழப்பான செம்பு, 1 மீ. விட்டம் | 0.4 | 72 | 0.55 வாட் | 5.8 வாட் |
| 22 மி.மீ. அலுமினியக் கலவை, 1 மீ. விட்டம் | 0.4 | 41 | 1 வாட் | 10 வாட் |
| 22 மி.மீ. செம்பு, 1 மீ. விட்டம் | 0.4 | 32.5 | 1.2 வாட் | 12.6 வாட் |
| 35 மி.மீ. அலுமினியக் கலவை, 1 மீ. விட்டம் | 0.4 | 29 | 1.3 வாட் | 14 வாட் |
| 22 மி.மீ. செம்பு, 1 மீ. விட்டம், இரண்டு சுற்று | 1.6 | 55 | 2.8 வாட் | 25 வாட் |
| 22 மி.மீ. செம்பு, 2 மீ. விட்டம், ஒரு சுற்று | 6.4 | 55 | 10.4 வாட் | 57 வாட் |

இவை திறந்த வெளியில் நிற்கும் லூப்புக்கான கணக்குகள். தரை, சுவர், கம்பிக் கிராதி எதுவும் இதில் இல்லை. அவை அருகில் இருந்தால் எல்லா வரிசையும் கீழே இறங்கும்.

## 2 மீட்டரில் ஒரே சுற்று

அட்டவணையின் கடைசி இரண்டு வரிசைகளைச் சேர்த்துப் பாருங்கள். குழாய் ஒன்றேதான், நீளமும் ஒன்றேதான், இழப்பும் ஒன்றேதான். ஆனால் பெரிய வட்டத்தின் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்கு. 3.6 மெகாஹெர்ட்ஸில் வித்தியாசம் 5.7 டெசிபல், கிட்டத்தட்ட ஒரு எஸ்-யூனிட் (ரிசீவரின் சிக்னல் மீட்டரில் ஒரு படி). ஒரு பைசா கூடுதல் உலோகம் இல்லாமல், வளைக்கும் விதத்தில் மட்டும் கிடைத்த பலன் இது.

காரணம் எளிது. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் கதிர்வீச்சுத் தடை 16 மடங்காகிறது. உலோகத்தின் இழப்போ இரண்டு மடங்குதான் ஆகிறது. சுற்றை இரட்டிப்பாக்கினால் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்கு மட்டுமே, இழப்பு அதே இரண்டு மடங்கு. குழாயைத் தடிக்கச் செய்தாலோ கதிர்வீச்சுத் தடை அசைவதே இல்லை, இழப்பு மட்டும் குறைகிறது. 1 மீட்டர் லூப்பில் 22 மில்லிமீட்டருக்குப் பதில் 44 மில்லிமீட்டர் செம்பு போட்டால் 3.6-ல் 1.2 வாட் 1.8 வாட்டாகும், அவ்வளவுதான். அதே உலோகத்தை வட்டத்தை விரிக்கச் செலவிட்டிருந்தால் 10 வாட் வந்திருக்கும்.

வடிவமும் சும்மா இல்லை. ஒரே நீளக் குழாயை வட்டத்துக்குப் பதில் எண்கோணமாக்கினால் கதிர்வீச்சுத் தடை பத்தில் ஒரு பங்கு குறையும், அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. சதுரமாக்கினால் 38 விழுக்காடு போய்விடும். குழாயை வளைக்க வசதியில்லாதவர்கள் எண்கோணம் கட்டுவது நியாயம். சதுரத்துக்கு இறங்குவதென்றால் இடம் உண்மையிலேயே அதைத்தான் அனுமதிக்கிறதா என்று ஒரு முறை அளந்து பாருங்கள். இடம் சதுரமாக இருந்தால் கதை வேறு. அந்தச் சதுரத்துக்குள் அடங்கும் வட்டத்தைவிட, இடத்தை நிரப்பும் சதுர லூப்புக்குப் பரப்பு அதிகம்.

மறைந்திருக்கும் செலவு எந்திர வேலையில் இருக்கிறது. 2 மீட்டர் வளையம் காற்றில் ஆடும். ஆடினால் ட்யூனிங் ஓடிவிடும். மேலே கெபாசிட்டர், மோட்டார், அவற்றுக்கு மழை மூடி எல்லாம் சேர்ந்து தலை கனக்கும். நல்ல நடுக்கம்பமும் காப்புள்ள குறுக்குச் சட்டங்களும் தேவை. அந்தச் சட்டங்கள் உலோகமாக இருந்து லூப்போடு மூடிய சுற்று ஒன்றை உண்டாக்கினால், சம்பாதித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

3.6-ல் இதற்கு ஏறத்தாழ 340 பிக்கோஃபாரட் வேண்டும். 100 வாட்டில் லூப்பில் 40 ஆம்பியர் ஓடும், கெபாசிட்டரின் மேல் உச்சமாக 7.4 கிலோவோல்ட் நிற்கும். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 2.6 என்ற எல்லைகளுக்கு நடுவே அகலம் 1.7 கிலோஹெர்ட்ஸ்தான். மோர்ஸும் டிஜிட்டல் முறைகளும் வசதியாக ஓடும். குரலில் பேசலாம், ஆனால் அதிர்வெண் கொஞ்சம் மாறினாலும் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். தொலைவிலிருந்து மோட்டாரால் திருப்பும் வசதி இல்லாமல் இந்த லூப்பைக் கட்டாதீர்கள். பக்கத்தில் நின்று கையால் திருப்புவது இந்த மின்னழுத்தத்தில் ஆபத்து. அதோடு 40 ஆம்பியர் வளையத்தின் அருகே நிற்பதே நல்லதல்ல.

## அதே குழாயில் இரண்டு சுற்று

இந்த வழியை நான் தாழ்த்தவில்லை. விட்டம் 1 மீட்டருக்கு மேல் முடியவே முடியாது என்ற நிலை பலருக்கு உண்டு. அவர்களின் கேள்வி 2.8 வாட்டா 10.4 வாட்டா என்பதல்ல, 1.2 வாட்டா 2.8 வாட்டா என்பதுதான். அங்கே இரண்டாவது சுற்று 3.6 டெசிபல் லாபம் தருகிறது. நிச்சயம் சுற்றலாம்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒற்றைச் சுற்று 1 மீட்டர் லூப்புக்கு 3.6-ல் ஏறத்தாழ 800 பிக்கோஃபாரட் தேவை. அந்த அளவில் பல கிலோவோல்ட் தாங்கும் மாறும் கெபாசிட்டர் கிடைப்பது கஷ்டம். இரண்டு சுற்றை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் 280 பிக்கோஃபாரட் போதும். கெபாசிட்டரின் 10 மில்லி ஓம் இழப்பும் பெரிய கதிர்வீச்சுத் தடைக்கு முன்னால் சற்றுச் சிறிதாகிவிடும்.

ஆனால் அட்டவணையில் காட்டாத ஒரு செலவு உண்டு. சுற்றுகள் நெருங்கினால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். குழாயின் முழுத் தோலும் வேலை செய்யாது. எனவே 55 மில்லி ஓம் என்பது நடைமுறையில் கூடும். குழாய் விட்டத்தைப் போல நான்கைந்து மடங்கு இடைவெளி கொடுத்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். மின்னழுத்தமும் உயரும். அந்த 10 சென்டிமீட்டர் இடைவெளியில் 100 வாட்டுக்கு உச்சம் 9 கிலோவோல்ட்டைத் தாண்டும். அதில் பாதியளவு இரண்டு சுற்றுகளுக்கும் நடுவிலேயே நிற்கும். இடைவெளியைக் காக்கும் தாங்கிகள் ஈரத்திலும் காப்பாக இருக்க வேண்டும். மரத்துண்டு வேண்டாம்.

மூன்று, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போகலாமா? ஒவ்வொரு சுற்றுக்கும் லாபம் குறைந்துகொண்டே போகும், நெருக்க இழப்பு கூடிக்கொண்டே போகும், மேல் பேண்டுகள் கைவிட்டுப் போகும். 80-லும் 40-லும் ஒரே லூப் ஓட வேண்டுமென்றால் இரண்டோடு நிறுத்துவதே என் தீர்ப்பு.

## செம்பா, அலுமினியமா

இது கேட்கப்படும் அளவுக்குப் பெரிய கேள்வி இல்லை. தூய அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 61 விழுக்காடு. தோல் விளைவில் தடை கடத்துதிறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் தடை 28 விழுக்காடுதான் கூடுகிறது. குழாயாகக் கிடைக்கும் கலவைகள் இன்னும் கொஞ்சம் மோசம், 35 முதல் 50 விழுக்காடு வரை கூடலாம். அட்டவணையில் 37 விழுக்காடு என்று எடுத்திருக்கிறேன். அப்படியும் வித்தியாசம் ஒரு டெசிபல்தான். அதையும் குழாயைத் தடிக்கச் செய்து சரிக்கட்டிவிடலாம். 35 மில்லிமீட்டர் அலுமினியம் 22 மில்லிமீட்டர் செம்பை முந்துவதைப் பாருங்கள்.

செம்புப் பக்கத்திலும் ஒரு சின்ன உண்மை. தண்ணீர்க் குழாய்க்கான செம்பில் பாஸ்பரஸ் சேர்ந்திருக்கும், அதன் கடத்துதிறன் தூய செம்பைவிடக் குறைவு. 22.5 மில்லி ஓம் என்று கணக்கு சொன்னால் நடைமுறையில் 25 பக்கம் வரும். அலுமினியத்துடனான இடைவெளி அந்த அளவுக்கு இன்னும் சுருங்கிவிடுகிறது.

அலுமினியத்தின் உண்மையான செலவு இணைப்பில் இருக்கிறது. சாதாரணமாக ஈயப்பற்று ஒட்டாது. போல்ட் போட்டு இறுக்கினால் ஆக்சைடு படலம் நடுவில் உட்காரும். கெபாசிட்டரின் செம்புத் தகடோடு சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு தொடங்கும். இன்று 2 மில்லி ஓம் காட்டும் இணைப்பு அடுத்த மழைக்காலத்துக்குள் எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. அலுமினியம் எடுத்தால், வெல்டிங் செய்யத் தெரிந்தவர் உதவியோடு, இணைப்பே இல்லாத ஒரே குழாயை வளைத்து, முனைகளைக் கெபாசிட்டர் தகடுகளுக்கு வெல்டிங் செய்துவிடுங்கள். அப்படிச் செய்ய முடிந்தால் எடைக்காகவே நான் அலுமினியத்தைத் தேர்ந்தெடுப்பேன். முடியாவிட்டால் செம்பு.

## கோஆக்ஸ் பின்னலும் செம்புப் பட்டையும்

தடித்த கோஆக்ஸின் வெளிப்பின்னலைக் கடத்தியாக வைத்து லூப் கட்டுவது விரைவான வழி. சுருட்டி எடுத்துப் போகலாம். ஆனால் அட்டவணையின் 8 மில்லிமீட்டர் வரிசை வழவழப்பான குழாய்க்கானது. பின்னலில் ஒவ்வொரு இழையும் மேலே வந்து கீழே போகிறது, மின்னோட்டம் மேல்தோலில் நிற்க ஒரு இழையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. பழைய, கறுத்த பின்னலில் அந்தத் தாவல் ஒவ்வொன்றும் ஒரு தடை. புதிதாக இருக்கும்போதே குழாயைவிட மோசம், வயதாக ஆக இன்னும் மோசம். அலைவடிவச் செம்பு உறையுள்ள அரை அங்குல வகைக் கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. கோஆக்ஸ்தான் என்றால் அதைத் தேடுங்கள்.

7 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, பயணத்தில், சில வாட்டுகளோடு என்றால் கோஆக்ஸ் லூப் நல்ல தோழன். 80 மீட்டருக்கு அது சரிப்படாது.

செம்புப் பட்டை இதைவிட நல்ல தெரிவு. அதன் இரண்டு முகங்களும் மின்னோட்டத்தைச் சுமக்கும். ஓரங்களில் மின்னோட்டம் நெருக்குவதால் இரண்டு மடங்கு பலன் கிடைக்காது. ஆனாலும் அதே பட்டையைக் குழாயாகச் சுருட்டியதற்குக் குறையாது. காற்றில் துடிப்பதும் வடிவம் நிற்காததும்தான் தொல்லை. வீட்டுக்குள் சட்டத்தில் ஒட்டி வைப்பவர்களுக்கு அதுவும் தொல்லையில்லை.

## கம்பி: அது எங்கே சரி, எங்கே தவறு

1 மீட்டர் லூப்பில் 2 மில்லிமீட்டர் கம்பி என்றால் 3.6-ல் 100 வாட்டில் 0.15 வாட் வெளியே போகிறது. மற்றதெல்லாம் ஓட்டைக் குடத்தில் மொண்ட தண்ணீர். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இன்னும் கீழே போனால் கம்பிதான் ஒரே வழி. 2007 உலக ரேடியோ மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையும், 2012 மாநாடு 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையும் ஹாம்களுக்கு இரண்டாம் நிலை உரிமையாகக் கொடுத்தன. இங்கே ஈ.ஐ.ஆர்.பி. (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஆண்டெனாவோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் கதிர்வீச்சு) 1 வாட் என்பதே பொதுவான எல்லை. அந்த ஒரு வாட்டை எட்டுவதுதான் சவாலே. 20 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம், சுற்றளவு 60 மீட்டர் கொண்ட செங்குத்து லூப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 475 கிலோஹெர்ட்ஸில் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 8 மில்லி ஓம். 3 மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் இழப்பு 1.15 ஓம். 100 வாட்டில் 0.68 வாட் கதிர்வீச்சாகும். லூப்பின் திசைப் பலனையும் சேர்த்தால் ஈ.ஐ.ஆர்.பி. காகிதத்தில் 1 வாட் பக்கம் வருகிறது. தரை தன் பங்கை எடுத்துக்கொண்டதும் அதற்குக் கீழே போய்விடும்.

இங்கே மலிவான மருந்து ஒன்று இருக்கிறது. ஒரே கம்பியைத் தடிக்கச் செய்வதற்குப் பதில், நான்கு கம்பிகளை நன்றாக விலக்கி இணையாகக் கட்டினால் இழப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகும். கதிர்வீச்சு 0.68-லிருந்து 2.7 வாட் வரை உயரும். கம்பிகளை ஒட்டிக் கட்டினால் இந்தப் பலன் வராது, விலக்கம் முக்கியம்.

பல மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி வேலை செய்வதும் இங்கேதான். ஒவ்வொரு இழையும் தனித்தனிக் காப்போடு, தோலின் ஆழத்தைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். 475 கிலோஹெர்ட்ஸில் தோலின் ஆழம் 0.096 மில்லிமீட்டர், 137-ல் 0.18. அந்த அளவில் இழைகள் கிடைக்கின்றன. 3.6 மெகாஹெர்ட்ஸில் 0.035 மில்லிமீட்டருக்கும் மெல்லிய இழைகள் வேண்டும். அப்போது காப்பும் இடைவெளியும் லாபத்தைத் தின்றுவிடும். 80 மீட்டர் லூப்புக்கு லிட்ஸ் வாங்காதீர்கள். கீழே பயன்படுத்தும்போதும் முனைகளில் எல்லா இழைகளின் காப்பையும் நீக்கிப் பற்றவைக்க வேண்டும். விட்டுப்போன இழைகள் மின்னோட்டத்தைச் சுமக்காமல் சும்மா கிடக்கும்.

கேட்க மட்டும் லூப் வேண்டுமா? அப்படியானால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியை மறந்துவிடலாம். 80 மீட்டரில் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மிக மிக அதிகம். லூப் 20 டெசிபல் இழந்தாலும் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே இறங்கும், கேட்பது மாறாது. அங்கே சாதாரணக் கம்பி போதும். திருப்பும் வசதிக்கும் சமநிலைக்கும் உழையுங்கள்.

## அட்டவணையில் மறைந்திருக்கும் 10 மில்லி ஓம்

அந்த 10 மில்லி ஓம் எவ்வளவு பெரியது? 1 மீட்டர் செம்பு லூப்பில் 7.1 மெகாஹெர்ட்ஸ், 100 வாட் என்றால் 46 ஆம்பியர் ஓடுகிறது. 10 மில்லி ஓமில் 21 வாட் வெப்பமாகிறது. கதிர்வீச்சாவதோ 12.6 வாட். கெபாசிட்டரும் இணைப்புகளும் ஆண்டெனாவைவிட அதிகமாகச் சாப்பிடுகின்றன. அதுவும் நல்ல கெபாசிட்டரில்.

சாதாரணக் காற்றுக் கெபாசிட்டரில் சுழலும் பகுதிக்கு உரசும் தொடர்பு வழியாக மின்னோட்டம் போகிறது. அந்த ஒரு தொடர்பே பல பத்து மில்லி ஓம் ஆகலாம், தூசி படிந்தால் இன்னும் கூடும். மொத்தம் 50 மில்லி ஓம் ஆகிவிட்டால் 12.6 வாட் 7 வாட்டுக்கு இறங்கும். பட்டாம்பூச்சி வகையில் இந்த உரசல் இல்லை. இரண்டு நிலைத் தகடுகளும் லூப்பின் இரு முனைகளில் நேராகப் பற்றவைக்கப்படுகின்றன, சுழலி நடுவில் பாலமாக நிற்கிறது. மின்னழுத்தம் இரண்டாகப் பிரிவதால் தாங்குதிறனும் கூடும். ஆனால் கொள்ளளவு குறையும். அதனால் 80 மீட்டருக்குப் பெரியதாகக் கட்ட வேண்டியிருக்கும். வெற்றிடக் கெபாசிட்டர்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. சில மில்லி ஓம் மட்டுமே, உயர் மின்னழுத்தம், பரந்த கொள்ளளவு. என்னைக் கேட்டால், குழாயில் மிச்சம் பிடித்துக் கெபாசிட்டரில் செலவு செய்யுங்கள்.

சிலர் கோஆக்ஸ் துண்டையே கெபாசிட்டராக வைக்கிறார்கள். 7.1-ல் தேவையான 205 பிக்கோஃபாரட்டுக்கு வழக்கமான தடித்த 50 ஓம் கோஆக்ஸ் 2 மீட்டர் போதும், எளிதாகத் தெரியும். அந்தத் துண்டு கொண்டுவரும் இழப்பு ஏறத்தாழ 130 மில்லி ஓம். குழாயின் இழப்பைப் போல நான்கு மடங்கு! 12.6 வாட் 4 வாட்டுக்கும் கீழே போய்விடும். சோதித்துப் பார்க்கச் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

திருகுகளும் கவனிக்கப்பட வேண்டியவை. துருப்பிடிக்காத எஃகு உயர் அதிர்வெண்ணில் செம்பைவிட ஆறு மடங்குக்கு மேல் தடையுள்ளது. பித்தளை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. எஃகு போல்ட் இறுக்கிப் பிடிக்கலாம், மின்னோட்டம் அதன் வழியே போகக் கூடாது. செம்பும் செம்பும் நேராக முட்டிக்கொண்டு, சுற்றிலும் முழுமையாகப் பற்றவைக்கப்பட வேண்டும். எண்கோண லூப்பில் எட்டு முழங்கைகள், பதினாறு இணைப்புகள். ஒவ்வொன்றும் 1 மில்லி ஓம் கொடுத்தாலும் 16. என் முதல் லூப்பில் முழங்கைகளை வெறுமனே செருகி இறுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செவிடானது. பிரித்துப் பற்றவைத்த அன்றுதான் குழாயின் முழுப் பலனைப் பார்த்தேன்.

## யாருக்கு எது

இரண்டு மீட்டருக்கு இடமும் நல்ல கம்பமும் இருந்தால், 80-க்கும் 40-க்கும் ஒரே சுற்றுச் செம்பு. வேறு யோசனை வேண்டாம். விட்டம் 1 மீட்டரோடு நின்றுவிடுகிறது, 80 கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு சுற்று. 40-ம் அதற்கு மேலும் போதும் என்றால் 1 மீட்டர் ஒரே சுற்றோடு நிறுத்தி, மிச்சமான நேரத்தைக் கெபாசிட்டருக்குக் கொடுங்கள். கம்பத்தின் மேல் எடை ஏற முடியாது, வெல்டிங் வசதி உண்டு என்றால் தடித்த அலுமினியம். பயணத்துக்குக் கோஆக்ஸ் அல்லது பட்டை. 475 கிலோஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் என்றால் பெரிய செங்குத்து லூப், விலக்கிக் கட்டிய இணைக் கம்பிகள்.

160 மீட்டரில் 1 மீட்டர் லூப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே எண்: கதிர்வீச்சுத் தடை 0.03 மில்லி ஓமுக்கும் குறைவு. அங்கே எந்தக் குழாயும் காப்பாற்றாது. தாழ்வாகவோ வளைத்தோ ஒரு நீளக் கம்பி கட்ட வழி இருந்தால் அதையே கட்டுங்கள்.

## கட்டிய பின் அளப்பது

உங்கள் லூப்பின் மொத்தத் தடையை ஒரு ஆண்டெனா அனலைசரால் கண்டுபிடித்துவிடலாம். ட்யூன் செய்து, மையத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். 1 ஆகும்படி இணைப்பு வளையத்தை (கேபிளிலிருந்து லூப்புக்குச் சக்தி ஊட்டும் சிறு வளையம்) சரிசெய்யுங்கள். இரு பக்கமும் எஸ்.டபிள்யூ.ஆர். 2.6 ஆகும் அதிர்வெண்களைக் குறியுங்கள். மைய அதிர்வெண்ணை அந்த இடைவெளியால் வகுத்தால் லூப்பின் கியூ, அதாவது ட்யூனிங் எவ்வளவு கூர்மை என்பதன் எண். லூப்பின் தூண்டல் எதிர்ப்பை (வளையத்தின் தூண்டல் அந்த அதிர்வெண்ணில் காட்டும் ஓம்) கியூவால் வகுத்தால் மொத்தத் தடை.

22 மில்லிமீட்டர் குழாயால் ஆன 1 மீட்டர் லூப்புக்கு 7.1-ல் தூண்டல் எதிர்ப்பு ஏறத்தாழ 109 ஓம். எல்லாம் சரியாக இருந்தால் இடைவெளி 3.1 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும். 9 வந்தால் கியூ 790, மொத்தத் தடை 138 மில்லி ஓம். கணக்குப்படி இருக்க வேண்டிய 48 போக, 90 மில்லி ஓம் எங்கோ ஒளிந்திருக்கிறது. லூப் அகலமாக ட்யூன் ஆகிறதே என்று மகிழ வேண்டாம், அது நோய்க்குறி.

தேட ஒரு நேரடி வழி இருக்கிறது. சில நிமிடம் தொடர்ந்து மோர்ஸ் அனுப்புங்கள். டிரான்ஸ்மிட்டரை முழுதாக அணைத்து, மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு, இணைப்புகளையும் கெபாசிட்டரின் முனைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். 90 மில்லி ஓம் ஒரே இடத்தில் இருந்தால் 100 வாட்டில் 65 வாட் அங்கே வெப்பமாகியிருக்கும், விரல் வைத்ததும் தெரிந்துவிடும். எங்குமே சூடு இல்லையென்றால் லூப்பைக் கழற்றி வேறு இடத்தில், சுவரும் கிராதியும் இல்லாத வெளியில் நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி சுருங்கினால் குற்றம் லூப்பில் இல்லை, அது நின்ற இடத்தில்.